நூல் நூற்ற கம்பெனி மால் கட்டிய கதை

[காட்சி: வேளச்சேரி மால், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்]

வணக்கம். சென்னை வேளச்சேரி பீனிக்ஸ் மாலுக்கு உங்களில் பலர் போயிருப்பீர்கள். 2013-இல் திறந்தது. அதன் பின்னால் இருக்கும் கம்பெனியின் பெயர் என்ன தெரியுமா? 'தி பீனிக்ஸ் மில்ஸ் லிமிடெட்'. பங்குச் சந்தையில் இன்றைக்கும் அதே பெயர்தான். மில் எங்கே போனது?

[காட்சி: மும்பை வரைபடம், லோயர் பரேல்]

1905-இல் மும்பை லோயர் பரேலில் தொடங்கிய பஞ்சாலை அது. சுமார் 17 ஏக்கர். சுற்றிலும் இதே மாதிரி டஜன் கணக்கில் மில்கள். சங்கு ஊதினால் ஷிஃப்ட் மாறும். ஒரே அறையில் பத்துப் பேர் முறைவைத்துத் தூங்கிய, 'சால்' எனப்படும் ஒற்றை அறை வரிசைக் குடியிருப்புகள் அந்தத் தெருக்களில் நிறைந்திருந்தன. 1959-இல் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தது.

[காட்சி: பூட்டிய மில் கதவு]

1982 ஜனவரி 18. தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலி உயர்வு, போனஸ், தாங்கள் விரும்பும் சங்கத்துக்கு அங்கீகாரம். இவைதான் கேட்டது. அந்தப் போராட்டம் முறைப்படி முடித்துவைக்கப்படவே இல்லை. விசைத்தறிப் போட்டியில் ஏற்கெனவே தள்ளாடிய மில்கள் பல அதற்குப் பிறகு எழவில்லை. ஆனால் ஊருக்கு வெளியே வாங்கிய நிலம் இப்போது நகரத்தின் நடுவில் இருந்தது. துணியைவிட மண்ணுக்கு விலை.

சரி, அந்த மண் யாருக்கு? இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

1991-இல் மகாராஷ்டிர அரசு ஒரு விதி போட்டது. மில்லை இடித்துக் கட்டினால் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பூங்கா போன்ற பொதுவெளிக்கு, ஒரு பங்கு சாமானியர் வீடுகளுக்கு, மிச்சம் முதலாளிக்கு. 2001-இல் அதைத் திருத்தினார்கள். மொத்த நிலம் அல்ல, கட்டடமே இல்லாத காலியிடத்தை மட்டும் பங்கு வைத்தால் போதும்.

[காட்சி: 30 ஏக்கர் கட்டம், வண்ணம் மாறுகிறது]

ஒரு கணக்குக்கு, 30 ஏக்கர் மில்லில் 24 ஏக்கர் கட்டடம், 6 ஏக்கர் காலி என்று வையுங்கள். பழைய விதிப்படி நகரத்துக்கும் வீடுகளுக்கும் சேர்த்து 20 ஏக்கர். புதிய விதிப்படி 4 ஏக்கர்! பம்பாய் உயர்நீதிமன்றம் 2005-இல் மொத்த நிலத்தையும் பங்கிட வேண்டும் என்றது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. மும்பைக்கு இனி எப்போதும் கிடைக்காத நிலம் அது. என்னைக் கேட்டால், பெரிய அநியாயம்.

[காட்சி: புகைபோக்கி, கீழே கடைகள்]

பீனிக்ஸ் தன் கட்டடங்களை ஒரேயடியாக இடிக்கவில்லை. 1990-களின் இறுதியில் பௌலிங் விளையாட்டுக் கூடம் வந்தது. அப்புறம் கடைகள், உணவகங்கள், பல்லாடியம் மால். மில்லின் புகைபோக்கி இன்னும் அங்கே நிற்கிறது. வீடு கட்டி விற்பவர்களுக்குப் பணம் ஒருமுறைதான் வரும். பீனிக்ஸ் இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாடகை வாங்கியது. மாதாமாதம் வந்த அந்த வருமானத்தின் பலத்தில்தான் புனே, பெங்களூரு, சென்னை என்று அடுத்தடுத்து மால்கள் எழுந்தன.

மில் தொழிலாளர்களுக்கு? 2012-இல் வீட்டுவசதி வாரியம் குலுக்கல் நடத்தி, பல மில் நிலங்களில் கட்டிய சுமார் 7,000 வீடுகளை ஒதுக்கியது. விண்ணப்பித்த தொழிலாளர்களும் வாரிசுகளும் ஒரு லட்சத்துக்கும் மேல்.