தூக்குவது ஜாக்கி, தாங்குவது ஸ்டாண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

விடியும் முன்னே ஒட்டன்சத்திரம் சந்தைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். தக்காளி, முருங்கை, கத்தரி என்று மூட்டையும் பெட்டியுமாக வரிசைகட்டி நிற்கும் பொலேரோ பிக்கப், தோஸ்த் வண்டிகள். முப்பது வருஷமாக எனக்குச் சோறு போடுவது இந்த மாதிரி வண்டிகள்தான். இவற்றுக்கு அடியில் படுப்பதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பேச வந்திருக்கிறேன். பட்டறைக்காரர்களுக்கு மட்டுமில்லை, சொந்த வண்டியைத் தானே கழற்றிப் பார்க்கிற ஓட்டுநர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எனக்கு அப்போது பதினாறு வயது. பட்டறையில் எடுபிடி. பிக்கப் ஒன்றின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, சைலன்சர் கிளாம்பைக் கழற்ற என்னை அடியில் அனுப்பினார்கள். ஸ்டாண்டு கிடையாது. ஆனால் எங்கள் மெக்கானிக் அண்ணனுக்கு ஒரு பழக்கம். கழற்றிய டயரை உள்ளே இருக்கிற இரும்பு டிஸ்க்கோடு அப்படியே சேசிஸுக்கு, அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு, அடியில் தள்ளிவிடுவார். அன்றைக்கும் தள்ளினார். கொஞ்ச நேரத்தில் ஜாக்கியின் ஆயில் சீல் விட்டுவிட்டது. சத்தமே இல்லை. வண்டி இறங்கி அந்த டயர் மேல் உட்கார்ந்தது. என் நெஞ்சுக்கும் வண்டிக்கும் நடுவே நாலு விரற்கடை இருந்தது. அந்த ஆயில் வாடை இன்றைக்கும் எனக்கு மூக்கில் நிற்கிறது.

ஹைட்ராலிக் ஜாக்கிக்குள் இருப்பது எண்ணெய். நாம் கைப்பிடியை அழுத்த அழுத்த, சிறிய பிஸ்டன் அந்த எண்ணெயைப் பெரிய சிலிண்டருக்குள் தள்ளுகிறது. நம் கைபலம் பல மடங்காகி வண்டி மேலே எழுகிறது. எழுந்த வண்டியைத் தாங்கி நிற்பது அந்த எண்ணெயும், அதை அடைத்துவைத்திருக்கிற ஒரு வால்வும், சில ரப்பர் சீல்களும்தான். வெறும் பொலேரோ பிக்கப்பே ஒன்றரை டன்னுக்கு மேல் வரும். அத்தனை கனத்தையும் ஒரு ரப்பர் வளையத்தை நம்பித் தலைக்கு மேல் வைக்கலாமா? ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். அடியில் ஆள் போக வேண்டும் என்றால் இரும்பு ஸ்டாண்டு தாங்க வேண்டும்.

தூக்குவதற்கு முன்னால் கட்டை வையுங்கள். நம் ஊர்த் தேரோட்டத்தில் முட்டுக்கட்டை போடுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும் தேரை நிறுத்துவது சக்கரத்தடியில் அவர் வைக்கிற கட்டைதான். பிக்கப்புக்கும் அதே கணக்கு. ‘ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறேன், கியரிலும் நிற்கிறது’ என்பார்கள். நம் சந்தை வண்டிகளில் அந்த இரண்டும் பிடிப்பது பின் சக்கரங்களை. பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் இரண்டுமே போச்சு. தரையில் மிச்சமிருக்கும் முன் சக்கரங்கள் இஷ்டத்துக்கு உருளும். ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கினாலும் கியரை நம்ப முடியாது. இரண்டு பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டி இருப்பதால் மேலே தொங்குகிற சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, கீழே இருக்கிறது மறுபக்கம் உருள வழியிருக்கிறது. அதனால் தரையில் நிற்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்பு மாதிரி சீவிய கட்டை வேண்டும். வழியில் கிடந்த உருண்டைக் கல் சக்கரம் தள்ளினால் தானும் உருளும்.

சரக்கு ஏற்றிய வண்டியைப் பட்டறையில் தூக்கவே கூடாது. பொலேரோவில் 1,700 கிலோ வரை ஏற்றுகிற மாடல் இருக்கிறது. அந்தக் கனம் மேலே இருக்கும்போது வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் எந்த ஸ்டாண்டும் நிற்காது. சக்கரத்தைக் கழற்றப் போகிறீர்கள் என்றால், நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். மேலே போன பிறகு எம்பி எம்பி ஸ்பானர் போட்டால் வண்டி ஆடும்.

அடுத்தது தரை. சக்கரம் வைத்த தரை ஜாக்கியின் கை நேராக மேலே போவதில்லை, வளைந்து எழுகிறது. அந்த வளைவுக்கு ஏற்ப ஜாக்கி தன் சக்கரங்களில் மெல்ல நகர்ந்தாக வேண்டும். சிமெண்டுத் தரையில் நகரும். மண்ணிலோ ஜல்லியிலோ அதன் சக்கரம் புதைந்து நிற்கும். அப்போது ஜாக்கியின் தலை வண்டியைவிட்டு வழுக்கும். சித்திரை வெயிலில் தார்ச்சாலையும் இளகிவிடும். ஸ்டாண்டின் கால்கள் மெதுவாக உள்ளே இறங்கும். கனமான பலகையோ இரும்புத் தகடோ அடியில் போடுங்கள்.

எங்கே முட்டுக் கொடுப்பது? வண்டியோடு வந்த புத்தகத்தில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள், அதுதான் முதல் வழிகாட்டி. பொதுவாகப் பின்னால் என்றால் பிளேட் செட் என்கிற பட்டை ஸ்பிரிங் உட்காரும் இடத்தை ஒட்டி, அச்சை மூடியிருக்கிற ஆக்ஸில் ஹவுசிங், முன்னால் என்றால் சேசிஸ் சட்டம் அல்லது அதோடு சேர்ந்த குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பர். என்ஜின் ஆயில் சேம்பர், ஸ்டியரிங் ராடு, பம்பர், இவற்றில் ஜாக்கி படக் கூடாது. கார் ஜாக்கி உயரம் பத்தவில்லை என்று மேலே கட்டைக்கு மேல் கட்டை அடுக்குவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. பிக்கப்புக்கு அந்த உயரமும் 3 டன் தாங்கும் திறனும் உள்ள ஜாக்கியே வேண்டும்.

ஸ்டாண்டு வாங்கும்போது அதில் எழுதியிருக்கிற எடை ஒன்றுக்கா, ஜோடிக்கா என்று பாருங்கள். இரண்டையும் ஒரே உயரத்தில் வைத்து, உயரத்தைப் பிடித்து நிறுத்துகிற பல் முழுதாக உட்கார்ந்ததா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். 2020இல் அமெரிக்காவில், இந்தப் பல் சரியாகக் கவ்வவில்லை என்று லட்சக்கணக்கான ஸ்டாண்டுகளை விற்ற கம்பெனியே திரும்ப வாங்கிக்கொண்டது. ஸ்டாண்டுக்குப் பதிலாகச் செங்கல், ஹாலோ பிளாக் வைக்கவே வைக்காதீர்கள். நன்றாகத் தாங்குவது போலவே நின்று, ஒரு நொடியில் பொலபொலவென்று உதிரும்.

ஜாக்கியை மெதுவாக இறக்கி, முழுக் கனமும் ஸ்டாண்டில் உட்கார்ந்த பிறகு, எழுந்து நின்று வண்டியைப் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும். பிறகு ஜாக்கியைத் தொட்டும் தொடாமலும் அப்படியே விட்டுவைத்து, கழற்றிய டயரையும் சேசிஸ் அடியில் தள்ளுங்கள். சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும்.

ராத்திரி நேரம், நெடுஞ்சாலை ஓரம், சரக்கோடு டயர் வெடித்துவிட்டது என்றால்? எச்சரிக்கை முக்கோணத்தைத் தள்ளி வைத்து, சமமான இடத்தில், வண்டியோடு வந்த, பாட்டில் மாதிரி நிற்கிற பாட்டில் ஜாக்கியால் டயரை மாற்றலாம். உடம்பில் எந்தப் பாகமும் அடியில் போகக் கூடாது. வேறு எதுவானாலும் விடிந்து பார்த்துக்கொள்ளலாம். தக்காளி அழுகினால் அழுகட்டும்.

இறக்கும்போது ஜாக்கியால் சற்றே தூக்கி, ஸ்டாண்டுகளை உருவி, வால்வை மிக மெதுவாகத் திருப்ப வேண்டும். அதற்கு முன்னால் எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ‘அடியில யாரு?’ என்று உரக்கக் கேட்போம். பையன்கள் ஒவ்வொருவராக ‘நான் இங்க இருக்கேன்’ என்று குரல் கொடுப்பார்கள். எல்லாக் குரலும் வந்த பிறகுதான் வால்வில் கை வைப்பேன்.

வணக்கம்.