செயற்கைக்கோளுக்கு யாரும் பணம் தரமாட்டார்கள்

(விண்வெளித் தொழில்நுட்பச் சேவைகளுக்கான நிதி வாய்ப்புகள் குறித்து மதுரைத் தொழில்முனைவோரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

இங்கே ராக்கெட் பாகம் செய்யப் போகிறவர்கள் சிலர் இருக்கலாம். இஸ்ரோ ராக்கெட் இயந்திரங்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி பக்கத்தில் இருக்கிறது. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியதிலிருந்து தென்மாவட்டங்களில் விண்வெளி என்றாலே அந்தப் பேச்சுதான். என் பேச்சு மற்றவர்களுக்கு. செயற்கைக்கோள்கள் ஏற்கெனவே மேலே சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவை அனுப்பும் படத்தை வைத்து இங்கே ஒரு சேவையை விற்க முடியுமா? முடியுமென்றால் முதல் பணம் எங்கிருந்து வரும்?

நிதி கேட்டு எழுதும் திட்ட அறிக்கைகளில் பாதிப் பக்கம் செயற்கைக்கோளின் பெருமையே இருக்கும். அதற்கு யாரும் பணம் தரமாட்டார்கள். படம் இலவசம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை, 10 மீட்டர் துல்லியத்தில் (படத்தின் ஒரு கட்டம், அதாவது ஒரு பிக்சல், தரையில் 10 மீட்டர்) நம் வயலைப் படமெடுத்துச் சும்மா கொடுக்கின்றன. பிக்சல் 5 மீட்டரோ அதைவிடப் பெரியதோ ஆன இஸ்ரோ படங்கள் எல்லோருக்கும் இலவசம் என்று 2023 இந்திய விண்வெளிக் கொள்கை சொல்கிறது. உங்களிடம் இருப்பது பக்கத்துக் கடைக்காரரிடமும் இருக்கிறது. மதிப்பீட்டாளர் தேடுவது வேறு: அந்தப் படம் எங்கே பொய் சொல்லும் என்பது உங்களுக்குத் தெரியுமா, அதைச் சரிசெய்ய என்ன செலவாகும், யார் அதற்குப் பில் கட்டுவார்.

மல்லிகையையே எடுத்துக்கொள்வோம். 10 மீட்டர் பிக்சல் என்றால் 100 சதுர மீட்டர், ஏறக்குறைய இரண்டரை சென்ட். 20 சென்ட் தோட்டத்தில் எட்டு பிக்சல். தோட்டம் 20 மீட்டருக்கு 40 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், பிக்சல் கட்டங்கள் நம் வரப்பைப் பார்த்து விழுவதில்லை. ஓரத்துப் பிக்சலில் பாதி மல்லிகை, பாதி பக்கத்துக்காரர் வாழை. சுத்தமாக உள்ளே விழுவது மூன்றோ நான்கோதான். அதை வைத்து ‘உங்கள் செடிக்கு நோய் வந்திருக்கிறது’ என்று விவசாயியிடம் சொன்னால் அடுத்த வாரம் அவர் போனை எடுக்கமாட்டார். மல்லிகைக்குப் புவிசார் குறியீடு 2013இலேயே வந்துவிட்டது. அதற்குச் செயற்கைக்கோள் சேவை வராமல் இருப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். தொடர்ச்சியாக ஏக்கர் கணக்கில் கிடக்கும் நெல்லுக்கு அதே படம் நன்றாகவே பேசும்.

பேசும், ஆனால் மேகம் விலகினால். நமக்கு மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. நடவு நடந்து பயிர் எழும் நேரமும் அதுதான். ஒளிப்படத்தை நம்பியவர் அந்த மூன்று மாதமும் வெள்ளைத் துணியைப் பார்த்துக்கொண்டிருப்பார். மேகத்தைத் துளைக்கும் ரேடார் படம் வேண்டும். அதற்கு சென்டினல்-1 இருக்கிறது, அதுவும் இலவசம். நடவுக்கு நீர் கட்டிய வயல் ரேடாரில் கறுப்பாகத் தெரியும். பயிர் வளர வளர வெளுக்கும். அந்த ஏற்றத்தை வைத்துத்தான் இது நெல் என்று அடையாளம் காண்கிறோம். ஆகவே நடவிலிருந்தே வரிசையாகப் படம் வேண்டும். நடுவில் வந்து சேர்ந்தால் அந்தப் போகம் போனது போனதுதான்.

கண்மாய்க்கு வாருங்கள். நீர்ப்பரப்பை அளப்பது எளிது என்று எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். ஆகாயத்தாமரை மூடிய கண்மாய் படத்தில் பசும்புல்வெளியாகத் தெரியும். உள்வாயில் சீமைக்கருவேலம் நின்றால் அதன் கீழே இருக்கும் தண்ணீர் கணக்கில் வராது. ரேடாரில் பார்க்கலாமென்றால், காற்றடித்து அலை எழும்பும் நாளில் நீர்ப்பரப்பும் தரை போல வெளுத்துவிடும். எல்லாவற்றையும் தாண்டி, படம் சொல்வது பரப்பை மட்டும், கொள்ளளவை அல்ல. கோடையில் கண்மாய் வற்றியிருக்கும்போது தரைமட்டம் அளந்து, எந்தப் பரப்புக்கு எவ்வளவு நீர் என்ற அட்டவணையை ஒவ்வொரு கண்மாய்க்கும் தனித்தனியே போட வேண்டும். அந்த அட்டவணைதான் உங்கள் சொத்து. அதை இன்னொருவர் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள முடியாது. நிதி கேட்பதானால் அதற்குக் கேளுங்கள்.

இப்போது பணக்கணக்கு. பெரியாறு பாசனத்தின் ஒருபோகப் பரப்பு, பெரியாறு பிரதானக் கால்வாயில் 85,563 ஏக்கர், திருமங்கலம் பிரதானக் கால்வாயில் 19,439 ஏக்கர், மொத்தம் 1,05,002. இது ஏறக்குறைய நாற்பத்திரண்டரை லட்சம் பிக்சல். கணினிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பேச்சுக்கு ஏக்கருக்கு 10 ரூபாய் வைத்தால் பத்தரை லட்சம் வருமானம். படம் ஆராய்பவர் ஒருவர், நிரல் எழுதுபவர் ஒருவர், வண்டி எடுத்துக்கொண்டு மேலூர்ப் பக்கம் வயல் வயலாகப் போய்ச் சரிபார்ப்பவர் ஒருவர். மூவருக்கும் சேர்த்து மாதம் ஒரு லட்சம் என்றாலும் ஆண்டுக்குப் பன்னிரண்டு லட்சம். அத்தனை ஏக்கரும் உங்கள் கையில் வந்தாலும் நட்டம்! மதுரையில் தொடங்கலாம், மதுரையோடு நிற்க முடியாது. விவசாயியிடம் பத்து ரூபாய் வசூலிக்கப் போகும் செலவும் பத்து ரூபாய்க்கு மேல்.

ஆகவே பில் கட்டுபவர் வேறு யாரோ. பயிர்க் காப்பீட்டில் 2023 காரிப் பருவத்திலிருந்து நெல், கோதுமை மகசூல் மதிப்பீட்டில் குறைந்தது 30 சதவீதம் தொழில்நுட்பக் கணிப்புக்குத் தர வேண்டும் என்று மத்திய அரசு கொண்டுவந்தது. அதனால் காப்பீட்டு நிறுவனம், அதோடு கடன் கொடுத்த வங்கி, குவாரியில் வெட்டிய அளவைக் கண்காணிக்கும் துறை, நீர்வளத்துறை என்று வாடிக்கையாளர் பட்டியல் மாறுகிறது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் வணிகப் பயன்பாட்டுத் திட்டத்தில், இது சாத்தியமா என்று பார்க்கும் ஆய்வுக்குத் தனியாகவும் செய்து காட்டுவதற்குத் தனியாகவும் பணம் ஒதுக்குகிறார்கள்; இரண்டிலும் பயனர் யார் என்று கேட்கிறார்கள். நாம் அங்கே விண்ணப்பிக்க முடியாது. அந்தப் பிரிவினையை நம் விண்ணப்பத்தில் கையாளத் தடையில்லை.

நிதிப் படிகளைக் கீழிருந்து சொல்கிறேன். மாதிரி செய்து பார்க்க மத்திய அரசின் நிதி-பிரயாஸ் திட்டத்தில் 10 லட்சம் வரை மானியம் உண்டு. தொழில் வளர்ப்பகங்கள் வழியே வரும். தமிழக அரசின் ஸ்டார்ட்அப் விதை நிதியான டான்சீட் 10 லட்சம். பசுமைத் தொழில்நுட்பம், ஊரக வாழ்வாதாரம், பெண்கள் நடத்தும் நிறுவனம் என்றால் 15 லட்சம். இதற்கு 3 சதவீதப் பங்கு தர வேண்டும். 10 லட்சத்துக்கு 3 சதவீதம் என்றால் உங்கள் நிறுவனத்தை மூன்றேகால் கோடிக்கு மேல் மதிக்கிறார்கள் என்று பொருள்; ஒரு ஆர்டரும் இல்லாத கட்டத்தில் அது மோசமில்லை. அதை நடத்தும் தமிழக அரசு நிறுவனமான ஸ்டார்ட்அப் டி.என். வட்டார மையம் மதுரையிலேயே இருக்கிறது.

அதற்கு மேல் அகமதாபாத்தில் உள்ள இன்-ஸ்பேஸ், தனியார் விண்வெளி நிறுவனங்களுக்கான மத்திய அரசு அமைப்பு. அதன் விதை நிதி 1 கோடி வரை. எப்போதும் திறந்திருக்கும் கதவல்ல. குறிப்பிட்ட துறைக்கு அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்க வேண்டும். 2025இல் வந்த 500 கோடித் தொழில்நுட்ப ஏற்பு நிதியில் ஸ்டார்ட்அப்புக்கும் சிறு குறு நடுத்தர நிறுவனத்துக்கும் திட்டச் செலவில் 60 சதவீதம், பெரிய நிறுவனத்துக்கு 40. உச்சவரம்பு 25 கோடி. இரண்டு கோடித் திட்டமென்றால் எண்பது லட்சம் உங்கள் கையில் இருக்க வேண்டும். ‘அரசு கொடுக்கும்’ என்று வருபவர்கள் அந்த எண்பதை மறந்துவிடுகிறார்கள். 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த ஆயிரம் கோடித் துணிகர முதலீட்டு நிதி, ஒரு நிறுவனத்துக்கு 10 கோடியிலிருந்து 60 கோடி. செய்தித்தாளில் பெரிய எழுத்தில் வருவது இதுதான். இந்த அரங்கில் பெரும்பாலோருக்கு இன்றைக்குத் தேவையில்லாததும் இதுதான்.

தமிழ்நாட்டின் 2025 விண்வெளித் தொழிற்கொள்கையில் ஆராய்ச்சி, வடிவமைப்பு செய்யும் நிறுவனங்களுக்குச் சம்பள மானியம் இருக்கிறது: முதல் ஆண்டு 30, இரண்டாம் ஆண்டு 20, மூன்றாம் ஆண்டு 10 சதவீதம். மேலே சொன்ன பன்னிரண்டு லட்சத்தை நினைத்துப் பாருங்கள். சேவை நிறுவனத்துக்குச் சம்பளம்தான் பெரிய செலவு. தகுதி உங்களுக்குப் பொருந்துமா என்று விதிகளை வரி வரியாகப் படியுங்கள். 2025-26 பட்ஜெட்டில் 10 கோடி ரூபாய் விண்வெளித் தொழில்நுட்ப நிதியும் அறிவித்தார்கள்.

எதை முதலில் வாங்குவது என்பதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. 2021இல் நான்கு ஆண்டுக்கென வந்த மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதியில் 20 லட்சம் வரை மானியம், 50 லட்சம் வரை கடனாகவோ பங்காக மாறும் பத்திரமாகவோ என்று வைத்தார்கள். ஆனால் வேறு மத்திய, மாநிலத் திட்டங்களில் 10 லட்சத்துக்கு மேல் பண உதவி பெற்றிருக்கக் கூடாது; நிறுவனம் பதிவாகி இரண்டு ஆண்டு தாண்டியிருக்கக் கூடாது. போட்டியில் வென்ற பரிசுத்தொகை அந்தக் கணக்கில் சேராது. மற்ற திட்டங்களிலும் இப்படிப்பட்ட விதி ஒளிந்திருக்கும். 15 லட்சத்தை ஓடிப்போய் வாங்கிவிட்டு 70 லட்சத்துக்கான கதவைத் தாமே சாத்திக்கொள்ளக் கூடாது. அறிவிப்பு திறந்திருக்கிறதா என்று பார்த்து, எல்லாத் திட்டத் தகுதிகளையும் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொண்டு வரிசையை முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. இங்கே பெரும்பாலான கடையும் பட்டறையும் தனிநபர் உரிமையில் நடக்கும். அந்த அமைப்புக்கு ஸ்டார்ட்அப் அங்கீகாரம் கிடையாது. பிரைவேட் லிமிடெட், எல்.எல்.பி. (வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை), பதிவு செய்த கூட்டாண்மை போன்ற அமைப்பு வேண்டும். பங்கு கேட்கும் நிதி என்றால் பிரைவேட் லிமிடெட்தான் தோது.

பணம் வந்த பிறகும் கவனம் வேண்டும். மானியம் மொத்தமாக விழாது. ஒரு கட்டம் முடிந்து, ஆடிட்டரின் பயன்பாட்டுச் சான்றிதழ் போன பிறகே அடுத்த தவணை. அதற்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசு மானியத்தில் விழும் வட்டி உங்களுடையதல்ல. தவணைக்கு இடையே சம்பளம் நிற்கக் கூடாது என்பதால் மூன்று நான்கு மாதச் செலவைக் கையிருப்பாக வைத்துத் திட்டமிடுங்கள். அரசுத் துறைக்கு விற்கும்போது ஸ்டார்ட்அப் என்றால் அரசுக் கொள்முதலுக்கான ஜெம் இணையதளத்தில் முன்அனுபவம், விற்றுமுதல் நிபந்தனைகளில் தளர்வும் டெபாசிட் விலக்கும் கிடைக்கும். சிறுதொழில்களுக்கான உதயம் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பில் பணம் தர வேண்டும் என்பது சட்டம். சட்டப்படி நடக்காத இடங்களில் அதற்கான அரசு இணையதளத்தில் புகார் செய்யலாம். பில்லைத் தள்ளுபடியில் மாற்றிக்கொள்ளும் டிரெட்ஸ் வசதியும் உண்டு.

கடைசியாக நாட்காட்டி. நிதி அறிவிப்புக்கும் நம் கால்வாய்த் திறப்புக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒருபோகத்துக்குத் தண்ணீர் வழக்கமாக செப்டம்பர் வாக்கில் திறப்பார்கள். மானியம் டிசம்பரில் கைக்கு வந்தால் நடவு முடிந்திருக்கும். பன்னிரண்டு மாதத் திட்டத்தில் ஒன்பது மாதம் சும்மா உட்கார்ந்து, மீதி மூன்று மாதத்தில் பாதிப் போகத்தை அளந்து, அறுவடைக்கு முன்பே இறுதி அறிக்கை எழுத வேண்டி வரும். இதற்கு இரண்டு வழி. ஒன்று, திட்டக் காலத்தைப் பதினெட்டு மாதமாகக் கேட்பது. இரண்டு, இந்தப் போகத்திலேயே சொந்தச் செலவில் ஒரே ஒரு மடைப் பாசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, நடவிலிருந்து அறுப்பு வரை ரேடார் படத்தையும் வயல் குறிப்பையும் சேர்த்து வைப்பது. நூறு வயல் போதும். கைப்பேசி இருப்பிடக் குறிப்பு ஐந்து மீட்டர் தவறினால் பிக்சலே மாறிவிடும். அதனால் வரப்பில் நிற்காமல் வயலின் நடுவுக்குள் இறங்கி நின்று குறிப்பெடுங்கள்.