தலைக்கவசம் கடைசி வரிசை! உயிரைக் காப்பது இந்தச் சிவப்புப் பூட்டு

[மேசைமேல் ஒரு சிவப்புப் பூட்டு. கேமரா மெல்ல அருகே போகிறது.]

வணக்கம். இயந்திரத்துக்குள் கை விடுமுன் மெயின் சுவிட்சில் போடும் பூட்டு இது. இதற்குச் சாவி ஒன்றே ஒன்றுதான். முதலாளியிடம் மாற்றுச் சாவி கிடையாது. மேஸ்திரியிடமும் கிடையாது. ஏன் என்று தெரிந்துகொள்ளக் கடைசிவரை பாருங்கள். நடுவில் எழுந்து போகிறவர்கள் பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

[எண்ணூர் நெடுஞ்சாலை, ஓடும் வண்டியிலிருந்து எடுத்த காட்சி]

வடசென்னையில் திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை போய்ப் பாருங்கள். ஆலை வாசல்களில் 'பாதுகாப்பே முதன்மை' என்ற பலகை இருக்கும். பக்கத்திலேயே மஞ்சள் தலைக்கவசம் போட்டுச் சிரிக்கும் பொம்மை ஒன்றும் இருக்கும். அந்தப் பொம்மையின்மேல் எனக்கு நெடுநாள் கோபம். பாதுகாப்பு படித்தவர்கள் ஐந்து படிகள் சொல்வார்கள்: ஆபத்தை அடியோடு நீக்கு, முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்ததை மாற்றி வை, இயந்திரத்துக்குத் தடுப்புப் போடு, வேலை முறையை ஒழுங்குபடுத்து, எல்லாம் செய்த பிறகு தலைக்கவசமும் கையுறையும் கொடு. கடைசிப் படியில் நிற்பவரைத்தான் நாம் வாசலில் நிற்க வைத்திருக்கிறோம்.

சட்டத்தை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 1000 பேர் வேலை செய்யும் ஆலைக்குப் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்றது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதை 500 ஆக்கியது. தண்டையார்பேட்டைப் பட்டறை ஒன்றில் இருப்பதோ பன்னிரண்டு பேர், அந்த விதி அங்கே எட்டாது. அவ்வளவுதான். பூட்டுக்கு வருவோம்.

[பழைய புகைப்படம்: பட்டறை வாசலில் நான்கு பேர்]

இடது ஓரத்தில் நிற்பவர் என் பெரியப்பா. தகரம் வெட்டும் பவர் பிரஸ்ஸில் வேலை. ஒருநாள் வெட்டிய துண்டு டையில், அதாவது வெட்டும் அச்சில், சிக்கிக்கொண்டது. பிரஸ்ஸை இயக்கும் கால் மிதியும் அழுத்தியபடியே மாட்டிக்கொண்டு மேலே வரவில்லை. பெரியப்பா விவரமானவர். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கையை விட்டார். சுவிட்ச் இருந்தது சுவருக்கு அந்தப் பக்கம். தேநீர் குடித்துவிட்டு வந்த ஒருவர், 'யாரோ அணைத்துவிட்டுப் போய்விட்டார்கள்' என்று மெயினைப் போட்டார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின.

இதில் யார் குற்றவாளி? அணைத்தவரும் சரியாகத்தான் செய்தார், போட்டவரும் கெட்ட எண்ணத்தில் போடவில்லை. உள்ளே ஒருவர் கை இருக்கிறது என்பதை அந்தச் சுவிட்ச் யாருக்கும் சொல்லவில்லை. 'கவனமாக இரு' என்று எத்தனை முறை எழுதி ஒட்டினாலும் சுவிட்சுக்கு வாய் வராது.

[கையில் பூட்டும், ஆறு துளை கொண்ட கொண்டியும்]

வாய் கொடுப்பது இதுதான். எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். இயந்திரத்துக்குள் கை விடுபவர் மெயினை அணைத்து, அணைந்த நிலையிலேயே தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டில் அவர் பெயர் எழுதிய சீட்டு தொங்கும். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு, ஆறு பேர் என்றால் ஆறு. அதற்காகத்தான் இந்தக் கொண்டியில் ஆறு துளை. ஐந்து பேர் வேலை முடித்துப் பூட்டை எடுத்துக்கொண்டு போனாலும், ஆறாவது ஆள் உள்ளே இருக்கும்வரை மின்சாரம் வராது.

ராயபுரத்தில் ஒண்டுக்குடித்தன வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். பொதுக் குளியலறைக்குள் போகிறவர், வெளியிலிருந்து யாரும் திறக்காதபடி உள்தாழ்ப்பாளைத் தானே போட்டுக்கொள்வார். தாழ்ப்பாளை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு யாராவது குளிக்கப் போவார்களா? ஆனால் பவர் பிரஸ்ஸுக்குள் கையை விடும்போது மட்டும், மெயினை ஊர் பேர் தெரியாதவர் கைக்கு விட்டுவிடுகிறோம். வெட்கத்துக்குக் கொடுக்கும் மரியாதையை விரலுக்குக் கொடுப்பதில்லை!

பூட்டினால் முடிந்ததா என்றால், இல்லை. சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கலாம், மேலே தூக்கி நிற்கும் பாரம் இறங்கலாம், குழாயில் அழுத்தம் தேங்கியிருக்கலாம். அதையெல்லாம் அடக்கிவிட்டு, ஒருமுறை இயக்கும் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். இயந்திரம் பேசாமல் இருந்தால்தான் கை உள்ளே போகலாம்.

[வரைபடம்: வட கடல்]

பூட்டுக்குப் பதில் காகிதம் போதாதா என்று கேட்பவர்களுக்காக ஒரு சம்பவம். 1988 ஜூலை 6, ஸ்காட்லாந்துக்கு அப்பால் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை. பகலில் ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றி, திறப்பில் ஒரு மூடியைத் தளர்வாக வைத்திருந்தார்கள். அந்த வேலைக்கான பெர்மிட் சீட்டு எழுதப்பட்டிருந்தது. இரவு ஷிப்டில் மற்றொரு பம்ப் நின்றுபோனது. முதல் பம்ப்பின் வேறொரு பராமரிப்புச் சீட்டுத்தான் ஆட்களின் கண்ணில் பட்டது, வால்வுச் சீட்டு படவில்லை. பம்ப்பை ஓட்டினார்கள். தளர்ந்த மூடி வழியாக வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். ஷிப்ட் மாறும்போது சீட்டு கைமாறும் என்று நம்பலாம். பூட்டு மாட்டிய பம்ப்பை நம்பிக்கையால் ஓட்ட முடியாது.

மணலிக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 2015இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த, வெடிக்கக்கூடிய அமோனியம் நைட்ரேட், ஏறத்தாழ 700 டன், 37 கன்டெய்னர்களில் அங்கேயே கிடந்தது. 2020 ஆகஸ்டில் லெபனானின் பெய்ரூட் துறைமுகம் இதே பொருளால் வெடித்த பிறகுதான் அவசர அவசரமாக ஹைதராபாத்துக்கு ஏற்றினார்கள். ஐந்து ஆண்டு! அலுவலகங்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கட்டம் போட்டு ஆபத்துக்கு மதிப்பெண் கொடுக்கிறார்கள். கட்டம் அழகாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் ஒரு மனிதரின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 'சம்பந்தப்பட்ட துறை' என்று எழுதியிருந்தால், அது பூட்டாத மெயின் சுவிட்ச்.

[பட்டறையின் உட்புறம். சுவரில் ஆணிகள், பூட்டுகள்.]

இப்போது பெரியப்பா மகன், என் அண்ணன், சொந்தப் பட்டறை நடத்துகிறார். சுவரில் ஐந்து ஆணி, ஐந்து பூட்டு. பீகாரிலிருந்து வந்த தம்பியின் சீட்டில் பெயர் இந்தியிலும் தமிழிலும் இருக்கிறது.

போன மாதம் ஒரு வேடிக்கை. வேலையை முடித்த தம்பி ஒருவர், பூட்டை எடுக்க மறந்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு மீஞ்சூருக்கு ரயில் ஏறிவிட்டார். இங்கே அவசர ஆர்டர், பூட்டை அறுக்கும் கத்தரியும் கைக்கெட்டும் தூரத்தில். அண்ணன் முதலில் போன் போட்டு, 'நீ எங்கே இருக்கிறாய், உன்னோடு வேறு யாராவது உள்ளே வேலை செய்தார்களா' என்று கேட்டார். பிறகு கத்தரியைத் தொடாமல் காத்திருந்தார். தம்பி அடுத்த ரயிலைப் பிடித்துத் தண்டையார்பேட்டையில் இறங்கி வருவதற்குள் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. அண்ணன் திட்டித் தீர்த்தார். திட்டி முடித்ததும் அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

உங்கள் பட்டறையில் பூட்டு எங்கே தொங்குகிறது? படம் எடுத்து அனுப்புங்கள், அடுத்த வீடியோவில் காட்டுகிறேன்.