செக்குபந்திக்கு வெளியே

நேயர்களுக்கு வணக்கம். கிரயப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் செக்குபந்தி என்று ஒரு பகுதி வரும். கிழக்கே இன்னாருடைய பூமி, மேற்கே பஞ்சாயத்துச் சாலை, வடக்கே பதினாலாம் எண் சைட், தெற்கே 23 அடிக் கிழமேல் ரோடு என்று நாலு பக்கமும் சொல்லி, இதற்குள் அடங்கியது இத்தனை சென்ட் என்று முடிப்பார்கள். நில அளவைத் துறையில் இருந்த காலம் முழுவதும் அந்த நாலு எல்லைக்குள் இருப்பதை அளந்து கொடுத்ததுதான் என் பிழைப்பு. ஓய்வு பெற்ற பிறகு, வீடு வாங்கப் போகிறேன் என்று யார் வந்து கேட்டாலும், எல்லைக்கு வெளியே இருப்பதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். பணம் கொடுப்பது உள்ளே இருப்பதற்கு. குடித்தனத்தில் பாதி நடக்கப்போவது வெளியே. எங்கள் வீட்டில் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். வானொலியில் கூப்பிட்டார்கள், விடுவேனா?

கோவையிலிருந்து பாலக்காடு போகிற வழியில் மதுக்கரை தாண்டினால் எட்டிமடை, கே.ஜி. சாவடி, அப்புறம் வாளையார். சோளக்காடும் கடலைக்காடுமாகக் கிடந்த பூமி. இன்றைக்குப் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வரிசையாக சைட் கல்தான் கண்ணில் படுகிறது. வருகிறவர்கள் பெரும்பாலும் குடும்பஸ்தர்கள். கணவனுக்குப் பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஃபேக்டரி வேலை, மனைவிக்குக் கோவைப் பக்கம் வேலை, நடுவில் எங்காவது வீடு இருந்தால் இரண்டு பேருக்கும் சமதூரம். நகரத்துக்குள் இரண்டு சென்ட் வாங்குகிற பணத்தில் இங்கே ஐந்து சென்டில் வீடு கட்டி, முன்னால் ஒரு முருங்கையும் வைக்கலாம். இந்தக் கணக்கில் தப்பே இல்லை. நானும் இங்கேதான் இருக்கிறேன்.

சரி, முதலில் தடம். கொங்குப் பக்கத்துக்காரர்களுக்குத் தடம் என்றால் விளக்க வேண்டாம். மற்றவர்கள் வழி என்று வைத்துக்கொள்ளுங்கள். சைட் பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் சைட்டுக்குள் நின்று சுற்றிப் பார்க்கிறார்கள். பஞ்சாயத்து ரோட்டில் காரை நிறுத்திவிட்டு அங்கேயிருந்து சைட் வரைக்கும் நடந்து, கால் வைக்கிற ஒவ்வொரு துண்டு மண்ணும் யாருடைய சர்வே நம்பர் என்று கேட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். கே.ஜி. சாவடியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பழைய லேஅவுட். அங்கீகாரம் இல்லாமல் போட்டு, பிற்பாடு வரன்முறைப்படுத்தியது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று தடை போட்டது. சார்பதிவாளர் அலுவலகங்களே வெறிச்சோடிப் போயின. அப்புறம் 2017 மே மாதம் அரசு வரன்முறை விதிகள் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-ஆம் தேதிக்கு முந்தைய மனைகளைக் கட்டணம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம் என்று வழி பிறந்தது. அப்படிச் சரிசெய்த இடத்தில் ஒரு வீடு விலைக்கு வந்தது. வாங்க வந்த தம்பிக்குக் கஞ்சிக்கோட்டில் வேலை, அவர் மனைவி டீச்சர், இரண்டு குழந்தைகள். வில்லங்கம் சுத்தம், பட்டா சரி, வரன்முறை உத்தரவு கையில் இருக்கிறது, பேங்க் லோனும் தயார். என்னைக் கூப்பிட்டது அளந்து பார்க்க மட்டும்தான். அளந்தேன். ஒரு சாண்கூடக் கூடவில்லை, குறையவில்லை.

திரும்பி வரும்போது பார்க்கிறேன், லேஅவுட் ரோடு இருபது அடியில் அழகாக வந்து ஒரு வேலியோரம் நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் பஞ்சாயத்து ரோட்டைத் தொட ஒரு கூப்பிடுதூரம் மண் தடம். இது யாருடையது என்று கேட்டேன். புரோக்கர், "பொதுவழிங்க சார், எல்லாரும் போறதுதானே" என்றார். எல்லாரும் போகிறார்கள், அது உண்மைதான். புலப்படத்தை, அதாவது சர்வே வரைபடத்தைப் பார்த்தால் அங்கே தடமே கிடையாது. லேஅவுட் போட்டவரின் அண்ணனுடைய பட்டா பூமி அது. பெரியவர் நல்ல மனுஷன், யாரையும் தடுத்ததில்லை. அவர் இருக்கிறவரைக்கும் ஒரு சிக்கலும் இல்லை. நாளைக்கு வெளியூரில் இருக்கிற மகன் வந்து இரண்டு கல்லுக்காலை நட்டுக் கம்பி இழுத்தால், உள்ளே இருக்கிற அத்தனை வீட்டுக் காரும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

தம்பி, வேண்டாம் விட்டுவிடலாம் என்று கிளம்பிவிட்டார். அந்த அம்மிணிதான் நின்று கேட்டது. "ஏனுங்கண்ணா, அண்ணனும் தம்பியும் பாகம் பிரிச்சப்ப ஒரு பத்திரம் எழுதியிருப்பாங்கல்ல, அதுல இந்தத் தடத்தப் பத்தி ஒண்ணும் இல்லாமயா இருக்கும்?" இத்தனை வருடத்தில் வீடு வாங்க வந்த ஒருவர் கேட்டு நான் கேள்விப்பட்ட கேள்விகளில் இதற்குத்தான் முதல் மார்க் கொடுப்பேன். புரோக்கர்கள் லேஅவுட் போட்ட நாளிலிருந்து உள்ள பத்திரங்களைத்தான் காட்டுவார்கள். அதற்கு முந்தைய தாய்ப்பத்திரத்தைக் கேட்டு வாங்க வேண்டும். இணையத்தில் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம், ஆனால் அது குறிப்பிட்ட வருடத்துக்கு முன்னால் போகாது. பழையதற்கு அலுவலகத்தில் மனுப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். பட்டாவும் அப்படித்தான். 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தார்களே, அந்த யூ.டி.ஆர். கணக்கில் பெயர் மாறினதும் உட்பிரிவு விட்டுப்போனதும் இன்றைக்கும் தீராத வழக்குகளாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த நிகழ்ச்சி போதாது.

பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தது. கையெழுத்துப் பத்திரம், பாதி இடத்தில் மை கலைந்திருந்தது. ஆனால் மாமூல் வண்டித்தட பாத்தியம் பன்னிரண்டு அடி என்று தெளிவாக இருந்தது. பிரச்சினை தீர்ந்ததா என்றால், பாதிதான். தோட்டத்துக்கு ஒரு கட்டைவண்டி போக எழுதின பாத்தியத்தில் ஒரு லேஅவுட் முழுக்கப் போகலாமா என்று யாராவது கேட்டால் என்ன செய்வது? இருபது வருடம் தடையில்லாமல் உரிமையோடு போய்வந்தால் வழியுரிமை உண்டு என்று 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் சொல்கிறதுதான். அதை நிலைநாட்ட வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போக வேண்டும். புது வீட்டுக்குக் குடிபோகிறவனுக்கு அது தேவையா? அதனால் லேஅவுட்டில் இருப்பவர்கள் ஒன்றுகூடி, பெரியவரிடமே போய் உட்கார்ந்து பேசி, ஒரு தொகை கொடுத்து, தடத்தைப் பதினாறு அடியாக எழுதிப் பதிவு செய்துகொண்டார்கள். அதற்குப் பிறகுதான் அந்தத் தம்பி அட்வான்ஸ் கொடுத்தார். இன்னொரு தடவை சொல்கிறேன், இப்போதுதான் ரேடியோவைத் திருப்பியவர்களுக்காக: பஞ்சாயத்து ரோட்டிலிருந்து உங்கள் கேட் வரைக்கும் நடந்து பாருங்கள், ஒவ்வொரு அடியும் யாருடையது என்று கேளுங்கள். லேஅவுட் ரோடுகளையும் பூங்காவையும் பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்த தானப்பத்திரத்தின் நம்பரைக் கேளுங்கள். நம்பர் இல்லாத பூங்காவில் என்றைக்காவது ஒரு வீடு முளைக்கும்.

அடுத்து பள்ளம், அதாவது மழைத்தண்ணீர் ஓடுகிற ஓடை. வருடத்தில் பத்து மாதம் காய்ந்து கிடக்கும், ஆடு மேயும், பசங்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். லேஅவுட் போடுகிறவர் அதன் மேல் ஒரு குழாயைப் புதைத்து ரோடு போட்டுவிடுவார். மலையில் ஒரு நல்ல மழை பெய்தால் தண்ணீர் பழைய வழியைத் தேடிக்கொண்டு வரும். தண்ணீருக்கு யூ.டி.ஆர். கணக்கும் தெரியாது, தானப்பத்திரமும் தெரியாது. ஆகவே கிராமத்து நிலக் கணக்கான ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் எடுத்து, பக்கத்தில் ஓடை, வாய்க்கால் என்று ஏதாவது புறம்போக்கு ஓடுகிறதா பாருங்கள். இரண்டையும் வருவாய்த்துறை இணையதளத்தில் வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம். நீர்வழி மேல் போட்ட மனைகளை வரன்முறை விதிகளிலும் சேர்க்கவில்லை, அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

குடிதண்ணீரைப் பற்றிப் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள், ஆண்களுக்குத் தெரியாது. பஞ்சாயத்துத் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருகிறது, போர் எத்தனை அடி, மே மாதத்தில் லாரித் தண்ணீர் வாங்கினார்களா என்று கேட்டால் போதும். கோவை குடிக்கிற சிறுவாணி அணையே கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1973-இல் இரண்டு மாநிலமும் போட்ட ஒப்பந்தத்தில் வருகிற தண்ணீர். எல்லையோரம் வீடு வாங்குகிறவர்கள் குழாயைத் திறக்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

காற்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்களுக்கு ஜூனில் ஆரம்பித்து ஆகஸ்ட் வரைக்கும். மேற்கே பெரிய ஜன்னல் வைத்தால் சாரல் கட்டில் வரைக்கும் வரும். வாஸ்து பார்க்கிறவர்கள் கிழக்கு வாசலைப் பார்க்கிற அக்கறையில் பாதியை மேற்குச் சுவருக்குக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

யானையைச் சொல்லாமல் விட முடியாது. மதுக்கரைக்கும் வாளையாருக்கும் நடுவில் காட்டுக்குள் இரண்டு ரயில் பாதை ஓடுகிறது. 2021 நவம்பரில் நவக்கரைப் பக்கம் ரயில் மோதி மூன்று யானைகள் செத்துப்போயின. அதற்குப் பிறகு 2024-இல் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் வைத்து, பாதைப் பக்கம் யானை வந்தால் எச்சரிக்கை கொடுக்கிறார்கள். ரயிலுக்கு எச்சரிக்கை வந்துவிடும். டியூஷன் முடித்து இரவு எட்டு மணிக்கு ஸ்கூட்டியில் வருகிற பிள்ளைக்கு யார் சொல்வது? மலையடிவாரத்துக் கிராமங்கள் பலவற்றில் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி இல்லாமல் லேஅவுட் போட முடியாது என்று விதியே இருக்கிறது. விற்பவர் "மலைக் காட்சி" என்று நோட்டீஸில் போட்டிருந்தால், அந்த அனுமதியை முதலில் கேளுங்கள். சைட்டைப் பகல் பதினோரு மணிக்குப் பார்த்துவிட்டு வராதீர்கள். இருட்டின பிறகும் ஒரு தடவை போய், மெயின் ரோட்டில் பஸ் இறங்கி நடந்து பாருங்கள்.

நிலையத்தார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள். தடத்திலேயே நேரம் போய்விட்டது. கேரளப் பக்கம் வாங்குகிறவர்களுக்காகப் பெரிதாக எழுதிக்கொண்டு வந்திருந்தேன், வேகமாகச் சொல்கிறேன். பிள்ளைகள் படிப்பு முதலில். தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரைக்கும் தமிழ் படிக்க வேண்டும். கேரளத்தில் மலையாளத்துக்கு 2017-இல் அதே மாதிரி சட்டம் வந்தது. ஏழாவது எட்டாவது படிக்கிற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எல்லை தாண்டிக் குடிபோகிறவர்கள் பள்ளிக்கூடத்தில் பேசிவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள். 2020-இல் வாளையாரில் பாஸ் இல்லாமல் தாண்ட முடியாமல் போனதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். வீடு ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம் என்றால் அதையும் ஒரு மூலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர்ப் பக்கம் இடம் பார்க்கிறவர்கள் கிராம அலுவலகத்து நிலவரி ரசீதைக் கேளுங்கள். வகை புரையிடம் என்று இருந்தால் வீட்டுக்கு ஆகும். நிலம் என்று இருந்தால் அது நெல்வயல். 2008-ஆம் ஆண்டு நெல்வயல் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள், நெல்வயல் பட்டியலான டேட்டா பேங்கில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். பதிவுச் செலவு அங்கே முத்திரைத்தாள் 8 சதவீதம், கட்டணம் 2. இங்கே 7, கட்டணம் 2. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் வரைக்குமான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. புது லேஅவுட் 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் கட்டாயம், இரண்டு மாநிலத்திலும். பேங்க் லோன் பற்றிச் சொல்ல இருந்தது அப்படியே நிற்கிறது, இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். வணக்கம்.