நாவல் யோசிக்கும்போது கேமரா என்ன செய்யும்?

அனைவருக்கும் வணக்கம். மழையையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கிறீர்கள். பெரும்பாலோர் வேலை முடிந்து நேராக வந்த களைப்பில் இருப்பது முகத்திலேயே தெரிகிறது. முடிந்தவரை சுருக்கமாகப் பேசுகிறேன்.

போன வாரம் இங்கே சிங்கப்பூரில், தேக்காவில் ஒரு காப்பிக்கடையில் நண்பர் ஒருவர் கேட்டார்: "அண்ணே, பொன்னியின் செல்வன்தான் படமா வந்துருச்சே, அப்புறம் எதுக்கு அஞ்சு பாகத்தையும் தூக்கிக்கிட்டு அலையணும்?" சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பதில் சொல்ல ஒரு வாரம் ஆகியிருக்கிறது. அதைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

அந்த நண்பரை முழுக்கக் குறை சொல்ல முடியாது. கல்கி 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதியதை மணிரத்னம் 2022, 2023 ஆண்டுகளில் இரண்டு படங்களாக எடுத்தார். நிறைய விடுபட்டது, சில மாறியது. ஆனால் அது நிகழ்ச்சிகளால் ஆன கதை. வந்தியத்தேவனின் குதிரை ஓடினால் படமும் கூடவே ஓடும். நீளம் ஒரு பெரிய தடையே இல்லை. கத்தரிக்கத் தெரிந்தால் போதும். குதிரை நின்றுவிட்டு, மேலே இருப்பவன் யோசிக்க ஆரம்பிக்கிற நாவல்களில்தான் சிக்கலே.

டால்ஸ்டாயின் போரும் வாழ்வும் நாவலை டி.எஸ். சொக்கலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் பெருவிரைவு ரயிலில்தான் படித்தேன். அப்போது பாசிர் ரிஸ்ஸில் வீடு, துவாஸில் வேலை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஐந்து மாதம் பிடித்தது. அதில் ஆஸ்டர்லிட்ஸ் போர்க்களம் வருகிறது. ஆந்திரேய் இளவரசன் அடிபட்டு மல்லாந்து கிடக்கிறான். மேலே உயரமான வானம். இத்தனை நாள் இதை எப்படிப் பார்க்காமல் இருந்தோம் என்று அவனுக்குத் தோன்றுகிறது. கொஞ்ச நேரத்தில் அவன் மனசுக்குள் கொண்டாடிய நெப்போலியனே பக்கத்தில் வந்து நிற்கிறான். அந்த வானத்தின் முன்னால் அவன் அற்பமாகத் தெரிகிறான்.

அப்புறம் செர்கெய் போந்தார்ச்சுக்கின் படம் பார்த்தேன். 1966, 67இல் நான்கு பாகங்களாக வந்த சோவியத் படம், மொத்தம் ஏழு மணி நேரம். சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. சோவியத் ராணுவத்திலிருந்து ஆயிரக்கணக்கான சிப்பாய்களைக் கொடுத்தார்கள். போரோடினோ போர்க்காட்சி போல இன்னொன்றை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. ஆனால் ஆஸ்டர்லிட்ஸ் வந்ததும் கேமரா மேலே பார்க்கிறது, மேகம் நகர்கிறது. எனக்கு அது வெறும் வானமாகவே இருந்தது. காரணம் எளியது. நாவலில் சுமார் முந்நூறு பக்கம் ஆந்திரேயின் புகழாசையோடு நானும் துவாஸுக்குப் போய்த் திரும்பியிருக்கிறேன். அந்த ஆசை உடைவதால்தான் அங்கே வானமே தெரிகிறது. படத்தில் நான் காத்திருக்கவே இல்லையே!

நாவலின் கடைசியில் டால்ஸ்டாய் கதையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, வரலாற்றை நகர்த்துவது தனிமனிதனா வேறு ஏதாவதா என்று பக்கம் பக்கமாக வாதம் செய்வார். போந்தார்ச்சுக் அந்தப் பக்கம் போகவில்லை. வாசகர்களில் பலரே அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். இயக்குநரை மட்டும் குறை சொல்லி என்ன?

தஸ்தயேவ்ஸ்கி விஷயம் வேறு. அவர் தத்துவத்தையே சண்டையாக எழுதுகிறவர். கரமசோவ் சகோதரர்கள் நாவலில் மகா விசாரணையாளர் அத்தியாயம் உங்களுக்குத் தெரியும். கிறிஸ்து செவில் நகருக்குத் திரும்பி வருகிறார். தொண்ணூறு வயது மதகுரு அவரைச் சிறையில் அடைத்துவிட்டு, இரவு முழுக்கப் பேசுகிறார்: மனிதனுக்குச் சுதந்திரம் சுமை, நாங்கள்தான் அதை இறக்கி வைத்தோம், நீ ஏன் வந்தாய்? கைதி ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் எழுந்து கிழவரின் உலர்ந்த உதட்டில் முத்தமிடுகிறார். அவ்வளவுதான்.

1958இல் ரிச்சர்ட் புரூக்ஸ் ஹாலிவுட்டில் இந்த நாவலைப் படமாக்கினார். மூத்த சகோதரன் திமித்ரியாக நடித்தவர் யுல் பிரின்னர். அந்த அத்தியாயத்தை அப்படியே தூக்கிவிட்டார்கள். நீளமான பேச்சு, மக்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று பயந்திருக்கலாம். எனக்கென்னவோ அவர்கள் தவறான ஆளைப் பார்த்துவிட்டார்கள் என்றே தோன்றுகிறது. பேசுகிறவரைப் பார்த்தால் அது பிரசங்கம்தான். கேட்டுக்கொண்டிருக்கும் அந்தக் கைதியைப் பார்த்திருந்தால்? இத்தனை குற்றச்சாட்டையும் வாங்கிக்கொண்டு ஒரு முகம் முத்தம் வரைக்கும் எப்படிப் போய்ச் சேருகிறது? அதற்குக் கேமராவை விடப் பொருத்தமான கருவி ஏது?

எழுத்துக்குப் பேசுகிறவன் வசதி. கேமராவுக்குக் கேட்கிறவன் வசதி. நான் சொல்ல வந்தது இதுதான், மீதியெல்லாம் உதாரணம்.

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவா 1951இல் தஸ்தயேவ்ஸ்கியின் அசடன் நாவலைப் படமாக எடுத்தார். அதை எம்.ஏ. சுசீலாவின் தமிழில் பலர் படித்திருப்பீர்கள். கதையை அப்படியே ஜப்பானின் ஹொக்கைடோ பனிக்குக் கொண்டுபோய்விட்டார். நாவலின் நாயகன் மிஷ்கின், சுடப்படுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் மன்னிக்கப்பட்ட ஒரு மனிதனைப் பற்றிக் கதையாகச் சொல்வான். அது 1849இல் தஸ்தயேவ்ஸ்கிக்கே நடந்தது. படத்தில் அது அடுத்தவன் கதையாக வராது. நாயகன் கமேதாவே போர்க்குற்றவாளி என்று தவறாகத் தீர்ப்பளிக்கப்பட்டுக் கடைசி நொடியில் தப்பியவன். படம் ஒரு கப்பலில் தொடங்குகிறது. கமேதா தூக்கத்தில் அலறி எழுகிறான். பக்கத்தில் இருப்பவனிடம் தன் கதையைச் சொல்கிறான். அந்தப் பக்கத்து ஆளாக நடிப்பவர் தொஷிரோ மிஃபுனே. முரட்டு ஆசாமி. அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

ஒரு கருத்தை வாயிலிருந்து எடுத்து உடம்பில் வைத்துவிட்டார் குரோசவா. நமக்கு இதில் இன்னொரு கனமும் உண்டு. போர்க்குற்றவாளி என்ற சொல்லைச் சிங்கப்பூரில் இருந்துகொண்டு சாதாரணமாகக் கேட்க முடியாது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியை நம் வீட்டுப் பெரியவர்கள் வாழ்ந்து பார்த்தவர்கள். போர் முடிந்து சாங்கி சிறையில் ஜப்பானியப் போர்க்குற்றவாளிகள் தூக்கிலிடப்பட்டார்கள். ஒரு ஜப்பானியர் அந்தச் சொல்லை எடுத்து உலகத்திலேயே தூய்மையான ஒருவன் மேல் வைக்கும்போது, எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என் தாத்தா இருந்திருந்தால் எழுந்து போயிருப்பார். ஆனால் அந்தக் கோபத்தோடு மீதிப் படத்தையும் பார்த்தேன். நாவல் எனக்குத் தராத ஒரு சங்கடம் அது.

படம் முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். 265 நிமிடப் படத்தைத் தயாரிப்பு நிறுவனம் 166 நிமிடமாக வெட்டியது. வெட்டத்தான் வேண்டும் என்றால் பிலிமை நீளவாக்கில் வெட்டுங்கள் என்று குரோசவா கத்தியதாக ஒரு கதை உண்டு. விட்டுப்போனதை ஈடுகட்ட எழுத்து அட்டை போட்டு விளக்குகிறார்கள். பார்க்கவே பாவமாக இருக்கும்.

நம் பக்கம் வருவோம். ஜெயகாந்தனின் சில நேரங்களில் சில மனிதர்கள் 1977இல் படமானது. இயக்கம் பீம்சிங், திரைக்கதை, வசனம் ஜெயகாந்தனே. நாவல் முழுக்க நாயகி கங்காவின் மனசு ஓயாமல் பேசும். படத்தில் வசனம் அதிகம்தான், ஜெயகாந்தன் ஆயிற்றே! ஆனால் இன்று யோசித்தால் எனக்கு வசனம் எதுவும் நினைவில் இல்லை. மற்றவர்கள் தன்னைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும்போது கேட்டுக்கொண்டிருக்கும் கங்காவாக லட்சுமியின் முகம் இருக்கிறது. அந்த நடிப்புக்குத்தான் அவருக்குத் தேசிய விருது கிடைத்தது.

ஞான ராஜசேகரன் 1995இல் எடுத்த மோகமுள் கொஞ்சம் தந்திரமானது. தி. ஜானகிராமன் பக்கக்கணக்கில் சங்கீதத்தைச் சொல்லால் எழுதுகிறார். படத்தில் நெடுமுடி வேணு சங்கீத குரு ரங்கண்ணாவாக உட்கார்ந்திருக்கிறார், இளையராஜாவின் இசை வருகிறது. கேட்கிறவர் நாமே ஆகிவிடுகிறோம். லாபம்தான். ஆனால் படிக்கும்போது என் காதில் இருந்த ரங்கண்ணாவின் குரல், எந்த மனிதத் தொண்டையாலும் பாட முடியாத ஒன்று, அன்றோடு போய்விட்டது.

கேட்பவனே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அயன் ராண்டின் அட்லஸ் ஷ்ரக்டு. நாவலில் அறுபது பக்கத்துக்குக் குறையாத வானொலிப் பேச்சு ஒன்று வரும். 2011, 2012, 2014 என மூன்று படங்கள், மூன்றிலும் வேறு வேறு நடிகர்கள். பேச்சு சில நிமிடமாகச் சுருங்கியது. யார் கேட்டு யார் மாறினார்கள் என்று படத்துக்கே தெரியவில்லை.

எழுத்தாளர்கள் கோபப்படுவது தனிக் கதை. செக் எழுத்தாளர் மிலன் குந்தேரா தன் 'தி அன்பேரபிள் லைட்னஸ் ஆஃப் பீயிங்' நாவல் 1988இல் படமானதைப் பார்த்துவிட்டு, இனி எதையும் படமாக்க விடமாட்டேன் என்று கதவைச் சாத்திவிட்டார். உம்பெர்த்தோ எக்கோவின் ரோஜாவின் பெயர் நாவலை எடுத்தவர்கள் சாமர்த்தியசாலிகள். 1986இல் வந்த அந்தப் படத்தின் தொடக்கத்திலேயே இது நாவலின் பாலிம்செஸ்ட் என்று போட்டார்கள். தோல் ஏட்டில் பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு மேலே புதிதாக எழுதுவதற்கு அந்தப் பெயர். அடியில் பழசு மங்கலாகத் தெரியும். நம் ஓலையில் அது நடக்காது. கீறிய எழுத்தை எப்படிச் சுரண்டுவது?

சரி, நேரமாகிவிட்டது என்று அமைப்பாளர் கை காட்டுகிறார். வரும்போது வாசலில் ஒரு தம்பி கேட்டார், விஷ்ணுபுரத்தை எடுக்க முடியுமா என்று. ஜெயமோகனின் 1997 நாவல். அதன் நடுப்பகுதி கௌஸ்துபம், ஞானசபை விவாதம். தரிசனங்கள், அதாவது தத்துவ மரபுகள், ஒன்றோடொன்று மோதும், நூற்றுக்கணக்கான பக்கம். வாதிடுகிறவர்களைக் காட்டினால் அரை மணி நேரத்தில் அரங்கம் காலி. தம்பி, நான் எடுப்பதாக இருந்தால், சபையின் ஓரத்தில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கும் ஒருவன் மேல் கேமராவை வைப்பேன். நாவலில் அப்படி ஒருவன் இருக்கிறானா என்று தேடாதீர்கள். குரல்கள் அவை பாட்டுக்குப் போகட்டும். எந்த வாக்கியத்தில் அவன் கை நிற்கிறது, எண்ணெய் எப்போது வழிகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன்.