பின்பக்கக் கேள்விகளிலிருந்து தொடங்குவோம்

நேயர்களுக்கு வணக்கம்.

ப்ளஸ் ஒன் சேரப்போகும் பிள்ளைகளின் பெற்றோர் வேதியியல் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், இந்தப் புத்தகம் நல்லா இருக்கா?" என்று கேட்பார்கள். பின்னாலிருந்து புரட்டுங்கள் என்பேன். பாடம் முடிந்ததும் வரும் கேள்விகளை, அதாவது 'புக் பேக்' கேள்விகளை, முதலில் படித்துப் பாருங்கள். எடுத்துக்காட்டுக் கணக்கில் 4 கிராம் என்று இருந்ததைப் பயிற்சியில் 8 கிராம் என்று மாற்றி மட்டும் கேட்டிருந்தால், அந்தப் புத்தகம் பிள்ளையை யோசிக்கச் சொல்லவில்லை என்று பொருள். பாடம் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், பிள்ளை திரும்பத் திரும்பப் படிக்கப்போவது அந்தக் கேள்விகளைத்தான். ஆகவே மதிப்பீடு அங்கிருந்து தொடங்கட்டும்.

எது நல்ல கேள்வி? ஒன்று சொல்கிறேன். அடுப்படியில் இருந்தபடி கேட்பவர்கள் அப்படியே திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. அடியிலிருந்து பெரிய பெரிய குமிழிகள் எழும்பி வந்து உடைகின்றன. அந்தக் குமிழிக்குள் என்ன இருக்கிறது?

நியூசிலாந்தில் ராஜர் ஆஸ்போர்ன், மார்க் காஸ்குரோவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் இதைக் கேட்டு, 1983-இல் ஆய்வாக வெளியிட்டார்கள். சிலர் வெப்பம் என்றார்கள், சிலர் காற்று என்றார்கள். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்று சொன்னவர்கள் அறிவியல் படித்த பெரிய வகுப்புப் பிள்ளைகளிலேயே இருந்தார்கள். கவனியுங்கள், நீரில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் உண்டு என்று படித்த பிறகுதான் ஒரு பிள்ளைக்கு இப்படிச் சொல்லத் தோன்றும். இது படிக்காததால் வந்த தவறு அல்ல. படித்ததை அரைகுறையாகப் பொருத்தியதால் வந்தது.

குமிழிக்குள் இருப்பது நீராவி. நீரேதான், வாயு வடிவில். கொதிக்கும் முன்பே பாத்திரத்தின் பக்கங்களில் ஒட்டிக்கொண்டு தெரியும் பொடிக் குமிழிகள் வேறு. அவை நீரில் கரைந்திருந்த காற்று. ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாக நீர் பிரிய வேண்டுமானால், வெறும் சூட்டால் மட்டும் என்றால், இரண்டாயிரம் டிகிரிக்கும் மேல் போக வேண்டும். அப்படிப் பிரிந்து வந்தால் அடுப்புத் தீயில் அது பற்றிக்கொள்ளும். தினமும் டீ போடுகிற வீட்டில் அப்படி நடப்பதில்லையே.

வகுப்பில் இதைக் கேட்டபோது ஒரு மாணவி எழுந்து, "சார், ஆவின்னா வெள்ளையா தெரியணும். குமிழிக்குள்ள ஒண்ணும் தெரியலையே, அப்ப அது எப்படி ஆவி?" என்றாள். எவ்வளவு அருமையான கேள்வி! நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாகத் தெரிவது குளிர்ந்து மீண்டும் நீரான நுண்துளிகள். கெட்டிலின் மூக்கை ஒட்டிப் பாருங்கள். முதலில் கொஞ்ச இடம் வெறுமையாக இருக்கும், அதைத் தாண்டித்தான் வெள்ளைப் புகை. அன்று பாடம் அந்த மணி முழுக்க அங்கேயே நின்றது. நிற்கட்டும் என்று விட்டேன்.

இதையே ஒரு மதிப்பெண் கேள்வியாக வைக்கலாம். காற்று, வெப்பம், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும், நீராவி என்று நான்கு விடைகள். தவறான மூன்றும் பிள்ளைகள் உண்மையில் நம்புகிறவை. எந்தத் தவறைத் தேர்ந்தெடுத்தான் என்று பார்த்தாலே அவன் எங்கே தடுக்கி நிற்கிறான் என்பது ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். "நீரின் கொதிநிலை என்ன?" என்று கேட்டு நான்கு எண்களைக் கொடுத்தால் என்ன தெரியும்? மனப்பாடம் செய்தானா இல்லையா என்பது மட்டும்.

கணக்குப் போடுகிற பிள்ளைக்குப் பாடம் புரிந்துவிட்டது என்று நினைக்கிறோம். அமெரிக்காவில் 1987-இல் நுரென்பெர்ன், பிக்கரிங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து எழுதினார்கள். வாயுவின் அழுத்தம், கன அளவு, வெப்பநிலை மூன்றையும் இணைக்கும் வாயு விதிக் கணக்கைச் சரியாகப் போட்ட கல்லூரி மாணவர்களில் பலர் இன்னொரு கேள்வியில் தடுமாறினார்கள். எஃகுத் தொட்டியில் ஹைட்ரஜன் வாயு, வெப்பநிலை 20 டிகிரி. அதை மைனஸ் 20-க்குக் குளிர்வித்தால் மூலக்கூறுகள் தொட்டியில் எங்கெங்கே இருக்கும்? ஹைட்ரஜன் திரவமாவது மைனஸ் 253 டிகிரி அருகில். ஆகவே மைனஸ் 20-லும் அது வாயுதான். முன்போலவே தொட்டி முழுவதும் பரவியிருக்கும். சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை எடுத்தவர்களுக்கு இது மனக்கண்ணில் தெரியவில்லை. திரும்பவும் சொல்கிறேன், கணக்கு சரி என்பதற்காகப் புரிதலும் சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. காலாண்டுத் தேர்வு முடிந்ததும், அதிக மதிப்பெண் எடுத்தவர்களின் தாள்களையும் குறைவாக எடுத்தவர்களின் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு கேள்வியாகப் பாருங்கள். நன்றாகப் படிக்கிறவர்கள் தவறவிட்டு, மற்றவர்கள் சரியாகப் போட்ட கேள்வி இருந்தால், முதலில் கேள்வியைச் சந்தேகியுங்கள். இரண்டு பொருள் வரும்படி எழுதியிருக்கலாம், விடைக்குறிப்பே தவறாக இருக்கலாம். அந்த மதிப்பெண்ணைப் பிள்ளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

புத்தகம் அச்சான ஆண்டையும் பாருங்கள். தமிழ்நாட்டில் ப்ளஸ் ஒன் புதிய பாடத்திட்டப் புத்தகம் 2018-இல் வந்தது. மறு ஆண்டு மே 20 முதல், அணுக்களையும் மூலக்கூறுகளையும் எண்ண வேதியியலில் பயன்படுத்தும் அலகான மோல் என்பதன் வரையறை உலகம் முழுவதும் மாறியது. அதற்கு முன்னால் 12 கிராம் கார்பன்-12-இல் உள்ள அணுக்களைக் கொண்டு சொன்னோம். இப்போது அந்த எண்ணிக்கையையே நிலையாக வைத்துவிட்டார்கள்: 6.02214076 பெருக்கல் பத்தின் 23 அடுக்கு. பழைய பதிப்பு அண்ணன், அக்காவிடமிருந்து கைமாறி வந்திருந்தால், இந்த ஓரிடத்தைப் பென்சிலால் திருத்திக்கொள்ளுங்கள். கணக்குகளின் விடை மாறாது.

செய்முறைத் தேர்வைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டதாகச் சைகை காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கொடுத்த உப்பு எது என்று சோதித்துக் கண்டுபிடிக்கும் உப்புப் பகுப்பாய்வில் உப்பின் பெயர் சரியா என்று மட்டும் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். "எதைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தாய்?" என்று கேளுங்கள். சோதனைக் குழாயில் கண்ட நிறத்தையும், கரையாமல் பிரிந்து வந்த வீழ்படிவையும் சொல்லிக் காரணம் காட்டுகிற பிள்ளைக்கு, பெயர் தவறினாலும் பாதிக்கு மேல் கொடுங்கள்.

நன்றி. வணக்கம்.