23 வருடம் சினிமா பக்கமே வராத டைரக்டர்

வணக்கம் மக்களே. பின்னால் ஃபேன் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், நிறுத்தினால் வேர்த்துக் கொட்டுகிறது.

நேற்று ராத்திரி ‘தி லாவெண்டர் ஹில் மாப்’ மறுபடியும் பார்த்தேன். 1951இல் வந்த படம். வங்கித் தங்கத்தை வண்டியில் ஏற்றிக் கூடவே போய்வரும் வேலையை வருடக்கணக்கில் யோக்கியமாகப் பார்த்த ஒரு கிளார்க், ஒருநாள் அதையே கொள்ளையடித்து, உருக்கி, குட்டி ஈபிள் டவர் பொம்மைகளாக வார்த்து பாரிஸுக்கு அனுப்பிவிடுவார். அலெக் கின்னஸ்தான் அந்த கிளார்க். அங்கே அதில் ஆறு பொம்மைகளைத் தவறுதலாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் விற்றுவிடுவார்கள். அதைப் பிடிக்க இவரும் கூட்டாளியும் ஈபிள் டவரின் சுழல் படியில் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள் பாருங்கள், தலை சுற்றுகிறது, தொப்பி பறக்கிறது, சிரிப்பை அடக்க முடியவில்லை, எனக்கே மயக்கம் வந்துவிட்டது.

இதை எடுத்தவர் சார்லஸ் கிரைட்டன். 1910இல் இங்கிலாந்தின் வாலசி ஊரில் பிறந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். அடிப்படையில் எடிட்டர். மைசூர்ப் பையன் சாபு நடித்த ‘எலிஃபன்ட் பாய்’ இவர் வெட்டி ஒட்டியதுதான். அந்தப் படிக்காட்சியில் எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று அவ்வளவு கச்சிதமாகத் தெரிந்திருக்கிறதே, அது எடிட்டிங் அறையில் கற்ற பாடம் என்பது என் கணக்கு.

லாவெண்டர் ஹில் எடுத்த லண்டனின் ஈலிங் ஸ்டுடியோ காலம் முடிந்த பிறகு சறுக்கல். ‘பேர்ட்மேன் ஆஃப் அல்காட்ராஸ்’ கைக்கு வந்தது, ஆனால் அதன் ஹீரோ பர்ட் லங்காஸ்டரோடு ஒத்துவராமல் பாதியில் விலகினார், ஃப்ராங்கன்ஹைமர் என்ற வேறு டைரக்டர் முடித்தார். 1965க்குப் பிறகு சினிமாவே இல்லை. டிவி சீரியல்கள், அப்புறம் பிரிட்டிஷ் காமெடி நடிகர் ஜான் க்ளீஸின் கம்பெனிக்கு ஊழியர் பயிற்சிப் படங்கள். யோசித்துப் பாருங்கள், ஈபிள் டவரில் கேமரா வைத்த மனிதர் ஆபீஸில் எப்படிப் பேச வேண்டும் என்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்!

க்ளீஸோடு ஏற்பட்ட அந்தப் பழக்கம்தான் இவரைச் சினிமாவுக்குத் திருப்பிக் கொண்டுவந்தது. க்ளீஸும் இவரும் சேர்ந்து வருடக்கணக்கில் ஒரு கதையைச் செதுக்கினார்கள். ஸ்டுடியோக்காரர்களுக்கு இவர் வயதை நினைத்துப் பயம், அதனால் தானும் இணை இயக்குநராக இருப்பதாக க்ளீஸ் சொல்லிவைத்தார். ‘எ ஃபிஷ் கால்டு வாண்டா’, 1988. மைக்கேல் பேலினைக் கட்டிப்போட்டு, மூக்கில் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸைச் செருகி, அவர் ஆசையாக வளர்க்கும் மீன்களை ஒவ்வொன்றாக கெவின் க்ளைன் விழுங்குவார். க்ளைன் முகம், தொட்டி, பேலின் முகம். அவ்வளவுதான், ஆனால் ஒரு நொடி முன்னே பின்னே போயிருந்தால் வெறும் கொடுமையாகத்தான் இருந்திருக்கும். குட்டி நாய்கள் சாகும் விஷயம் மட்டும் எனக்குக் கொஞ்சம் ஓவர்.

க்ளைனுக்கு ஆஸ்கர் கிடைத்தது. கிரைட்டனுக்கு இயக்கம், திரைக்கதை இரண்டுக்கும் பரிந்துரை மட்டும், 78 வயதில். அதற்குமேல் அவர் படம் எடுக்கவில்லை, 1999இல் இறந்துவிட்டார்.

சரி, பழைய படம் என்றாலே தூக்கம் வருபவர்கள் வாண்டாவில் ஆரம்பியுங்கள். மற்றவர்கள் நேராகப் படிக்கட்டுக்குப் போய்விடுங்கள்.